வாசல்ல நிக்கிறேன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பத்திரிகைக்கு நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி ஒருவர் ஓய்வுபெறும் நாள். மேசையைக் காலி செய்கிறார். இழுப்பறைக்குள் ஒரு பழைய சாவி. நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. எழுதும்போது நானும் விட்டேன். முப்பது வருடம் கிராணியாக இருந்தவன் வேறு எதை எழுதுவான்?

என் போன் மீன் கழுவும் வாளியில் விழுந்து போயிருந்தது. அதனால் என் மனைவி லீலாவதியின் பழைய போனை எடுத்து முதல் வரியைத் தட்டினேன். 'நான்' என்று அடித்ததும் கீபோர்டுக்கு மேலே மூன்று பெட்டிகள் வந்தன.

நான் [வரேன் / வாசல்ல / வந்துட்டேன்]

அடுத்த சொல் இதுவா என்று போன் கேட்கிறது. எல்லாப் போனும் கேட்பதுதான். நடுப்பெட்டியை அழுத்தினேன். மறுபடி மூன்று. மறுபடி நடுப்பெட்டி. அதற்கு மேல் நான் ஒரு எழுத்தும் அடிக்காமலே ஒரு வாக்கியம் வந்து நின்றது:

நான் வாசல்ல நிக்கிறேன் சீக்கிரம் வாங்க மழை வருது

கிராணியை அங்கேயே விட்டுவிட்டேன். அவர் இன்னும் மேசையைக் காலி செய்துகொண்டிருப்பார்.

லீலா பத்தொன்பது வருடம் பள்ளி வேன் ஓட்டினாள். எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவாள். (ஊருக்கு இப்போது பெயர் பெஸ்தாரி ஜெயா. பெயரை அப்டேட் செய்து பல வருடமாகிறது. எங்கள் நாக்கு மட்டும் பழைய பதிப்பிலேயே ஓடுகிறது.) ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வேனை நிறுத்தி, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்புவாள். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கியதும் அன்றைய செய்திகளை எல்லாம் அழித்துவிடுவாள். வேலை முடிந்த பிறகு குப்பை எதற்கு என்பாள். அதனால் இந்தப் போனில் அவள் எழுதியது ஒன்றும் மிச்சமில்லை, எனக்கு அனுப்பியவை மீன் வாளியோடு போயின. அவள் எழுதும் பழக்கத்தை மட்டும் கீபோர்டு படித்து வைத்திருந்தது.

ஏழு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய், பிறகு பாதி திரும்பியது. பேச்சும் போனது. அது திரும்பவில்லை.

2

ஒரு விதி: இந்தக் கதையில் சதுர அடைப்புக்குள் வருபவை நான் எழுதியவை அல்ல. நான் பாதியில் நிறுத்தும்போது போன் நீட்டுகிற சொற்கள். அழிக்க மனம் வரவில்லை.

தொடக்கம், முதல் முயற்சி:

என் மனைவி இறந்து ஏழு மாதம் [லீவு / ஆச்சு / ஸ்கூல்]

இதை அடித்தபோது லீலா எனக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நாளெல்லாம் அந்தப் போன் அவள் இடது கையில்தான் இருக்கும். தேத்தண்ணி நேரத்திலும் மத்தியானத் தூக்கத்திலும் மட்டும் என்னிடம் விடுவாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இறந்த மனைவியை எழுதுவது சுலபம் ஐயா. வாசகர் உடனே உருகுவார், எழுதுகிறவனுக்கும் கை தானாக ஓடும். எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற மனைவிக்காக ஏங்குவதை எப்படி எழுதுவது? சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். ஆனாலும் ஏங்குகிறேன். வேனிலிருந்து இறங்கும்போதே "இங்க பாருங்க, கேட்ட ஏன் தொறந்து போட்டு வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பிக்கிற அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன். இப்போதெல்லாம் கேட்டை வேண்டுமென்றே திறந்து போடுகிறேன்.

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

பழைய போனை ரூட் செய்வது என்றால் அதன் வேருக்குள் [போங்க / இல்ல / வராதீங்க]

வராதீங்க என்று போனே சொல்லிவிட்டது.*

* அடிக்குறிப்பு. பக்கத்தின் அடிவரை போகச் சோம்பல், இங்கேயே படித்துவிடுங்கள். 'ரூட்' என்றால் வேர். வேர் என்றதும், தோட்டத்தை விட்டு வேரோடு பிடுங்கப்பட்ட மக்கள் என்று எழுதக் கை பரபரக்கிறது. இந்த வட்டாரத்தில் கதை எழுதுகிற எல்லாருக்கும் அந்த வியாதி உண்டு. எனக்கு மூன்று பரிசுகூட வாங்கித் தந்திருக்கிறது. இந்தக் கதையில் ரூட் என்றால், போனுக்குள் இருக்கிற எல்லா அறைக்கும் சாவி வாங்குவது. அவ்வளவுதான்.

3

லீலாவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: சரிலா. 'சரி'க்குப் பின்னால் மலேசியாவில் நாங்கள் ஒட்டுகிற வால் அந்த 'லா'. பசித்தால் சரிலா. குளிக்கக் கூப்பிட்டால் சரிலா, வெந்நீர் சுட்டாலும் சரிலா.

நோய்க்கு முன் அவளிடம் இரண்டு சரிலா இருந்தன. 'லா'வை வெட்டிச் சொன்னால் 'ஆகட்டும், செய்ங்க.' இழுத்துச் சொன்னால் 'போதும், விடுங்க.' இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதே இல்லை. (ஒருமுறை குழப்பிக்கொண்டேன். இரண்டு நாள் கடைச் சாப்பாடு.) இப்போது எங்கே வெட்டுவது, எங்கே இழுப்பது என்று அவள் நாக்குக்கே பிடிபடவில்லை. 

கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் அமண்டா என்ற பெண் பேச்சுப் பயிற்சி தருகிறார். தன் டேப்லெட்டில் ஒரு செயலியைக் காட்டினார். படத்தை அழுத்தினால் அது தமிழில் பேசும். லீலா இடது விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். தண்ணீர். சோறு. பாய். பிறகு மேகமும் கோடுகளும் போட்ட படம் வந்தது. "மழை," என்றது டேப்லெட்.

லீலா உதட்டைக் குவித்தாள். "ம... மழ," என்றாள்.

ஏழு மாதத்தில் சரிலா அல்லாத முதல் சொல். நான் வெளியே போய், மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

"வீட்லயும் டெய்லி செய்யணும் அங்கிள்," என்றார் அமண்டா. "இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்ப ஸ்லோ ஆயிரும்."

புதுப் போன் ஒன்று வாங்கி அதில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். லீலா அதைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தாள். மறுநாளும் கொடுத்தேன். மறுநாளும் துண்டு. மூலை உடைந்த அந்தப் பழைய போனைத் தவிர அவள் கை வேறொன்றையும் பிடிக்கவில்லை.

"அப்ப அவங்களுக்குப் பழகின போன்லயே போட்டுப் பாருங்க அங்கிள்."

போட்டுப் பார்த்தேன். உங்கள் ஆண்ட்ராய்டு மிகவும் பழையது என்று செயலி உள்ளே வர மறுத்துவிட்டது. அந்தப் போனுக்குக் கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

4

லூகாஸை இந்த இடத்தில் கொண்டுவர வேண்டும். பாத்திரமாக அவன்மேல் எனக்குச் சந்தேகம்தான். ரவாங்கில் தொழிற்சாலை டெக்னீசியன். ஓய்வு நாளில் பழைய போன்களுக்குப் புது ஆண்ட்ராய்டு ஏற்றுகிறவன். போதாததற்குச் சின்ன வயதில் லீலாவின் வேனில் பள்ளிக்குப் போனவன். கதாசிரியருக்கு இவ்வளவு வசதியாக ஒருவன் எங்கிருந்து கிடைத்தான் என்பீர்கள். இந்தப் பக்கத்தில் முப்பது வயதுக்குக் கீழே யாரைப் பிடித்தாலும் லீலாவின் வேனில் வாந்தி எடுத்தவனாகத்தான் இருப்பான். முதல் வரைவில் அவனைக் கொஞ்சம் திமிர் பிடித்தவனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புது ஆண்ட்ராய்டு ஏத்தலாம் அங்கிள். ஆனா மொதல்ல கம்பெனி இதுக்குள்ள போட்டிருக்கற பூட்டத் தொறக்கணும். தொறந்தா உள்ள இருக்கறது எல்லாமே அழிஞ்சிரும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்."

"போட்டோ கீட்டோ போனாப் போகட்டும்பா. இந்தக் கீபோர்டு ஆன்ட்டிகிட்ட கத்துக்கிட்டது மட்டும் வேணும். அத காப்பி எடுத்துக்கலாமா?"

"அது இருக்கற எடத்துக்குள்ள போக ரூட் வேணும் அங்கிள்."

"அப்ப ரூட் பண்ணு."

"ரூட் பண்ணப் பூட்டத் தொறக்கணும்."

"தொறந்தா?"

"அழிஞ்சிரும்லா அங்கிள்."

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. பூட்டைத் திறக்காமல் ரூட் செய்யும் குறுக்கு வழியையும் நான்கு தடவை முயன்றான். நான்கு தடவையும் போன் உறைந்து, தானாக எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. "இன்னொரு தடவ பண்ணா எந்திரிக்காது," என்று வயரைப் பிடுங்கிவிட்டான். ஆன்ட்டியின் வார்த்தைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னான்.

எழுதினேன். வாசல்ல, வாங்க, மழை, டப்பா, காய்ச்சல், டீச்சர். யார் வீட்டிலும் இருக்கிற சொற்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்பதில்தான் லீலா இருந்தாள். அந்த வாரம் முழுக்க நடுப்பெட்டியை அழுத்திக்கொண்டே இருந்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சலா டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். சாப்பாட்டு டப்பா வேன்ல இருக்கு நாளைக்குத் தரேன். ஒருநாள் 'மருந்து' என்று அடித்ததும், மருந்து போட்டீங்களா பொய் சொல்லாதீங்க என்று வந்தது. அது எனக்கு வந்த செய்தி. எத்தனை முறை வந்திருக்கும் என்று இப்போது

5

இன்று மத்தியானம் லீலா தூங்கியதும் போனை எடுத்து மேலே உள்ள வரியை முடிக்க நினைத்தேன். அதற்கு முன் வழக்கம்போல் ஒருமுறை

நான் [இந்தக் / எழுதிய / கதையை]

நான் [இந்தக் / எழுதிய / கதையை]

நான்

6

இங்கிருந்து தாளில் எழுதுகிறேன். லீலாவின் வேன் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருந்த நோட்டில் பின்பக்கம் காலியாக இருக்கிறது. சதுர அடைப்பு இனி வராது.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியச் சற்று நேரமானது. கீபோர்டு யார் அடித்தாலும் கற்றுக்கொள்ளும். மூன்று வாரமாக இந்தக் கதையை நான் அதில்தான் அடித்திருக்கிறேன். இதில் எத்தனை 'நான்' என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நானுக்கும் லீலா வாசலை விட்டு ஓரடி தள்ளிப் போயிருக்கிறாள். அவள் சொற்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவற்றின் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

'வாச' என்று கையால் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியில் 'வாசல்ல' வந்தது. இன்னும் இருக்கிறாள். அதோடு போனை அவள் தலையணைப் பக்கம் வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போனுக்குள் இருக்கிற பழைய சொற்கள் எனக்கு வேண்டியவை. அந்தச் செயலியில் இருக்கிற புதுச் சொற்கள் அவளுக்கு வேண்டியவை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரமும் ஒரு கதையும் தேவைப்பட்டன.

முடிவுக்கு வருவோம். பள்ளி விடும்வரை வேனில் உட்கார்ந்து லீலா என் கதைகளை எல்லாம் படிப்பாள். ஒரே புகார்தான். "கடைசில ஏன் யாரையாவது சாகடிக்கிறீங்க? இல்லன்னா மழை பெய்ய வைக்கிறீங்க?"

முதல் முடிவு: பூட்டைத் திறக்கிறோம், எல்லாம் அழிகிறது, புது ஆண்ட்ராய்டு எழுகிறது. நான் 'நான்' என்று அடிக்கிறேன். நடுப்பெட்டியில் 'வாசல்ல' வருகிறது. அற்புதம். லூகாஸ் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இரண்டாவது: திறக்காமல் விடுகிறோம். நான் கிழவனாகிற வரை நடுப்பெட்டியை அழுத்துகிறேன், எதிரே லீலா சரிலா என்கிறாள். அழகான காட்சி. அவளுக்கு ஒரு சொல்லும் கூடுதலாகக் கிடைக்காது.

மூன்றாவது: போன் செத்துவிடுகிறது. பழைய வியாதி. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லூகாஸ் ஷிப்ட் முடிந்து மடிக்கணினியோடு வந்தான். சாப்பாட்டு மேசையில் வயரைச் செருகினான். போன் திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பூட்டைத் திறந்தால் எல்லாம் அழியும். திறக்கவா, வேண்டாமா? சத்தம் கூட்டும் பொத்தானால் தேர்ந்தெடுத்து, ஓரப் பொத்தானால் உறுதி செய்ய வேண்டும்.

"அங்கிள், அமுக்கவா?"

வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. "போன் அவளோடது," என்றேன். "அவகிட்ட கேளு."

லூகாஸ் வயரோடு போனைத் தூக்கிக்கொண்டு போய் அவள் நாற்காலிக்கு முன்னால் குந்தினான். 

"வேன் ஆன்ட்டி, இதத் தொறந்தா நீங்க பழசா டைப் பண்ணதெல்லாம் போயிரும். திரும்ப வராது. ஆனா அமண்டா காட்னாங்கள்ல, அந்தப் படம் எல்லாம் இதுல பேசும். பண்ணவா?"

லீலா போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வெகு நேரம். பிறகு நான் திறந்து போட்டிருந்த கேட்டைப் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"சரிலா," என்றாள்.

"செய்யச் சொல்றாங்க அங்கிள்."

"விடச் சொல்றாப்பா."

எனக்கு வேண்டியதைத்தான் என் காது கேட்டிருக்கும். அவனுக்கு வேன் ஆன்ட்டி மறுபடி பேச வேண்டும். அவன் காதும் அதைத்தான் கேட்டிருக்கும். எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்தில் இழுப்புத் தெரிவதில்லை. சரிலா. சரிலா. பாருங்கள், ஒன்று போலத்தான் இருக்கின்றன.

உங்களுக்கு இதில் வேண்டியது வேண்டாதது ஒன்றும் இல்லை. அதனால் நீங்களே சொல்லுங்கள். மனசுக்குள் படிக்காதீர்கள், லீலா மாதிரி திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்கள் நாக்கு அந்த 'லா'வை வெட்டியதா, இழுத்ததா? லூகாஸின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது. லீலா எந்த வாசலிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றவள் இல்லை. சீக்கிரம் சொல்லுங்க, மழை வருது.