இன்ட்டு போட்ட இடம்

அடையாள அட்டை எங்கே போய்த் தொலைந்ததோ. அலமாரியின் மேல்தட்டில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டி, மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் மகள். முன்னறையில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் கொஞ்ச நேரம் உறுமும், பிறகு அடங்கும். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் அவள் கை தானாக நின்றது.

"கெடச்சுதாம்மா?" என்று முன்னறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

மாமா என்றால் சொந்தமில்லை. விசா அலுவலகத்துக்கு எதிரே, அப்பாவுக்குப் பக்கத்து மேசையில், தட்டச்சு இயந்திரத்தோடு இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். இப்போது நண்பனுக்கான இறப்புப் பதிவு மனுவை நிரப்பிக்கொண்டிருந்தார். அட்டை எண் இல்லாமல் மனு நகராது. மனு இல்லாமல் மயானத்தில் வாங்க மாட்டார்கள். பதினோரு மணிக்கு வண்டி வரச் சொல்லியாகிவிட்டது.

"தேடிட்டிருக்கேன் மாமா."

அப்பாவை எல்லோரும் 'ஃபாரம் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு மனு நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். பிறப்புச் சான்று, போலீஸ் சான்று, வேலை அனுபவக் கடிதம், மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, இதில் எது முன்னே எது பின்னே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் அடுக்கிய காகிதக் கட்டை விசா அதிகாரி எழுந்து நின்று வாங்குவான் என்று கிண்டல் செய்வார்கள். கையெழுத்து வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாக ஓர் இன்ட்டுக் குறி போட்டுவிடுவார். "இன்ட்டு போட்ட எடத்துல போடு. மத்தத நான் பாத்துக்கறேன்." வந்தவர்கள் எதையும் படிக்க மாட்டார்கள். இன்ட்டைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்கள். அப்பா அதற்கொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் ரப்பரால் இன்ட்டுகளை அழித்து, துகளை ஊதிவிட்டு, உறையில் போடுவார். பதில்கள் எல்லாம் அவர் மேசை விலாசத்துக்கே வரும்.

கைப்பேசி அடித்தது. தம்பி. ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பா நிரப்பிய மனுவில் வெளிநாடு போனவன்.

"அக்கா, சர்டிபிகேட் எப்ப வரும்? அது இல்லாம லீவு தர மாட்டேங்கறாங்க."

"இன்னும் எழுதி முடிக்கலடா."

"அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?"

"இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவன் அழுதான். அவன் ஓய்கிறவரை கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே தேடினாள். துணிகளுக்கு அடியில், பழைய எக்ஸ்ரே உறைக்குள், ஒரு பழுப்புக் கோப்பு தட்டுப்பட்டது. மேலே அப்பாவின் அழகான எழுத்தில் அவள் பெயர்.

"அப்புறம் பேசறேன்டா" என்று வைத்தாள்.

அது அவளுடைய மனு. ஏழு வருஷத்துக்கு முன், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எடுத்த பத்து வருஷ அனுபவத்தை நம்பி அவளும் விண்ணப்பித்திருந்தாள். அப்பாதான் நிரப்பினார். வயசு, படிப்பு, அனுபவம் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு மாலை அவள் தலையில் கை வைத்து, "ரெண்டு மார்க்குல போச்சும்மா. விடு" என்றார். அன்றைக்கு அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். மறுபடி போடலாமா என்று கேட்டபோதெல்லாம், வருஷம் போகப் போக வயசுக்கான மார்க் குறைந்துகொண்டே போகிறது என்றார். அதுவாவது உண்மை. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று.

கோப்பின் முதல் தாள் விசா அலுவலகக் கடிதம். அவள் மனு தேர்வாகியிருக்கிறது, அறுபது நாளுக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று இருந்தது. இரண்டு முறை படித்தாள். பெயர் அவளுடையதுதான். பிறந்த தேதியும் அவளுடையதுதான்.

அடுத்த தாள் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தின் நகல். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து. அதன் பக்கத்தில், நகலிலும் தெளிவாக, சின்னதாக ஓர் இன்ட்டு.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரி பேப்பரும்மா. இன்ட்டு இருக்கற எடத்துல போடு" என்று மார்பின் மேல் எழுதும் பலகையை வைத்து நீட்டினார். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஏழெட்டு இடத்தில் மளமளவென்று போட்டாள். ஊரெல்லாம் படிக்காமல் போட்ட கையெழுத்து. சொந்த மகள் படிப்பாளா?

கடிதத்தில் ஓர் எழுத்து மட்டும் எல்லா இடத்திலும் அரை வரி மேலேறி நின்றது. அந்த இயந்திரத்தை அவளுக்குத் தெரியும்.

கோப்பையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "இது உங்க மெஷின்ல அடிச்சதுதானே மாமா?"

மாமா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா. உன் கையெழுத்து இருந்துச்சே."

"நீங்க அடிச்சப்ப கையெழுத்து இல்லையே."

பெட்டியின் மோட்டார் அடங்கியது. மாமா தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப அடிச்சுத் தரச் சொன்னாரு. 'பையன் போயிட்டான், இவளும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா'ன்னாரு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போகாம நின்னுடுவேன்னு அவருக்குத் தெரியும்மா. அப்புறம் அவர்தான் உன் வாழ்க்கையக் கெடுத்தாருன்னு ஆயிடும்ல. அதுக்குப் பயந்தாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிப்பது தப்பென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டிருந்தால் இருந்திருப்பாள். முகம் சுளித்திருப்பாள், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள், ஆனால் இருந்திருப்பாள். அப்போது அது அவள் முடிவாக இருந்திருக்கும். ஆறு வருஷத்துக்கு மேல் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், மாத்திரை எடுத்துக் கொடுத்ததும், தோற்றுப்போனவள் வேறு என்ன செய்வாள் என்பதுபோல் ஆகிவிட்டது. மார்க் வாங்கத் தெரியாதவள் என்று தன்னையே எத்தனை முறை திட்டிக்கொண்டிருக்கிறாள்! அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தார் இந்த மனிதர்?

பெட்டிக்கு அருகே போய் நின்று அப்பாவைப் பார்த்தாள். சவரம் செய்த முகம் சுத்தமாக இருந்தது. நேற்று சாயங்காலம் அவள்தான் செய்துவிட்டாள்.

"அட்ட..." என்று மாமா இழுத்தார்.

கோப்பைப் புரட்டினாள்; அட்டை அதன் கடைசி உறையில்தான் இருந்தது. யாரும் கை வைக்காத இடம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். எடுத்து நீட்டினாள். மாமா தலை நிமிராமல் எண்ணைக் கட்டம் கட்டமாக எழுதி முடித்தார். பென்சிலை எடுத்தார், ஒரு கணம் தயங்கினார். ஆனால் கைப்பழக்கம் விடவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

மாமா மனுவை நீட்டினார். "இன்ட்டு போட்டிருக்கேன்... அங்க ஒரு கையெழுத்து போதும்மா."

அவள் பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையிலிருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

"வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டும் மாமா. படிச்சிட்டுப் போடுறேன்."

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. வாசலில் யாரோ இருமினார்கள். மாமா சுவரோரம் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதிகளைப் படிக்கத் தொடங்கினாள்.