பெட்டியில் ஒரு காலி இடம்

கருவிப்பெட்டியில் கைக்கண்ணாடி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. என்ஜினியர் பெட்டியை இன்னொரு முறை கிளறிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டாத மூலைகளைப் பார்க்க உதவும், நீண்ட காம்புள்ள சின்னக் கண்ணாடி அது. காலையில் அதை விமானத்தின் என்ஜினுக்குள் விட்டுப் பார்த்திருந்தார். பறக்கலாம் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஓட்டப்போகிறவள் கூடப்பிறந்த தங்கை. அவரைப் போலவே ஒப்பந்தத்தில் வந்தவள். சொன்னால் அவள் தலையும் சேர்ந்து உருளும். ஆனாலும் விமானத்தின் படிகளில் ஏறி, விமானி அறைக்குள் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, முகமே சரியில்ல?"

"கண்ணாடியக் காணோம். என்ஜினுக்குள்ள விட்டுட்டேனோன்னு சந்தேகம்."

"சந்தேகமா, நிச்சயமா?"

"சந்தேகம்தான்."

தங்கை முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "காதுல விழாத மாதிரி இருந்துக்கலாம். விழுந்துருச்சே. இனி இது உன் பாடு மட்டும் இல்ல."

விசைகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பயணிகளை இறங்கச் சொன்னபோது அவள் குரலில் நடுக்கமில்லை.

விமானக் கம்பெனியின் மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "கம்பெனி ஆளுன்னா கம்பெனி தாங்கும். நீங்க ரெண்டு பேருமே ஒப்பந்தம். நாளைக்குக் கேள்வி வந்தா யார் பதில் சொல்றது?"

"கையெழுத்து என்னோடது சார். நான்தான்."

"பறக்க மாட்டேன்னது நான்," என்றாள் தங்கை. "அண்ணன்கிறதுக்காக இல்ல. வேற யார் வந்து சொல்லியிருந்தாலும் இதேதான்."

வேறொரு என்ஜினியர் வந்து என்ஜினைத் திறந்தார். இவரை அருகே விடவில்லை. ஓரமாக நின்று, அந்த ஆளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எதுவும் இல்லை. கடைசியில் கண்ணாடி, விமானத்துக்குள் சரக்கறைக் கதவின் தாழ்ப்பாளைச் சோதிக்கக் காலையில் இவர் மண்டியிட்டிருந்த இடத்தில், தரைவிரிப்புக்கு அடியில் அகப்பட்டது. அங்கே அது யாரையும் ஒன்றும் செய்திருக்காது.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றார் மேலாளர் அண்ணனைப் பார்த்து. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

புதிய என்ஜினியர் கையெழுத்துப் போட்டார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறினார்கள். தங்கை படியடியில் நின்றாள்.

"உன்னையும் இழுத்து விட்டுட்டேன்," என்றார் அவர்.

"என் ஒப்பந்தம் என்ன ஆகும்னு தெரியல. போனாப் போகுது. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிரு. அந்தப் பேச்ச என்னால வாங்க முடியாது."

அவருக்கு அன்று முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அவள் படியேறி விமானி அறைக்குப் போனாள். விமானம் மேகத்துக்குள் மறையும்வரை வேலியோரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தார்.