நான் வரைந்த ஜலசந்தி

நிலப்படம் வரைகிற எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கண்ணால் கண்டதை முழுக்கோடாகப் போட வேண்டும். ஊகித்ததைப் புள்ளிக்கோடாக விட வேண்டும். ஒரே ஒரு தடவை அதை மீறினேன்.

அந்தத் தென்துருவத் தீபகற்பத்தின் மேல் பறந்தபோது, கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை தட்டையாக ஒரு வெள்ளைப் பாதை தெரிந்தது. உறைந்த ஜலசந்தி! நடுவில் இருபது மைல் மேகம் மூடியிருந்தது. மூடினால் என்ன, இந்த முனையும் தெரிகிறது, அந்த முனையும் தெரிகிறது. எங்கள் ஊர் பெர்கனுக்குப் போய்ப் பீற்றிக்கொள்ளும் ஆசை வேறு. முழுக்கோடாகவே இழுத்துவிட்டேன்.

கிழக்குக் கரைக் குடிசையில் குளிர்காலம் தங்கப்போன அஸ்லாக்கிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். பதினைந்து வருஷ நண்பன்.

“என்னடா ஹால்வர், நடுவுல ஒரு புள்ளியக்கூடக் காணோம்? அவ்வளவு தூரமும் பாத்தியா, இல்ல பிளேன்ல தூங்கிட்டு வந்தியா?”

“பாத்தேன்டா. நம்பலேன்னா போ.”

“கோவிச்சுக்காத. நீ கோடு போட்டா நான் கண்ண மூடிட்டு நடப்பேன்.”

கோடை வந்தும் கிழக்கே கடற்பனி உடையவில்லை. அவனை ஏற்றிவரப் போன எங்கள் கப்பலால் நெருங்க முடியவில்லை. ஜலசந்தி வழியாக மேற்கு விரிகுடாவுக்கே வந்துவிடுவதாக அஸ்லாக் குடிசை வானொலியில் சொன்னான்; அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பன்னிரண்டு நாள் நடை, இருபது நாள் உணவு. அவனும் கூடத் தங்கியிருந்த ட்ரிக்வேயும் பனிவண்டி இழுக்கும் எட்டு நாய்களோடு கிளம்பினார்கள்.

விரிகுடாவில் நாங்கள் நங்கூரமிட்ட நாளிலிருந்தே மூடுபனி. கப்பலின் மறுமுனைகூடத் தெரியாது. முப்பத்தொரு நாள் காத்திருந்தோம். கேப்டன் ஓலவ் கடைசியில் கேட்டுவிட்டார்.

“உண்மையச் சொல்லுப்பா. அந்த வழி இருக்கா, இல்லையா?”

“நடுவுல மேகம் இருந்துச்சு, கேப்டன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் மூடுபனி விலகியது. விரிகுடாவின் முனையில் ஜலசந்தி எதுவும் இல்லை. இரண்டாயிரம் அடிக்குப் பனிச்சுவர் நின்றது. தொலைநோக்கியில் பார்த்தால், அதன் உச்சியில் ஒரு கூடாரம். சுற்றி ஏற எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

இருவரும் தூங்கும் பைகளுக்குள்ளேயே உறைந்து கிடந்தார்கள். உணவு தீர்ந்து நாய்களையும் தின்றிருந்தார்கள்; ஒன்றுகூட மிச்சமில்லை. படம் அஸ்லாக்கின் சட்டைக்குள் இருந்தது. நான் இழுத்த முழுக்கோட்டை அடித்துவிட்டு, ஏறிவந்த மலைகளையெல்லாம் உயரத்தோடு வரைந்திருந்தான். என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கூடாரத்துக்கு மேற்கே கடைசி இரண்டு மைலை மட்டும் புள்ளிக்கோடாக விட்டிருந்தான். மூடுபனியில் அவனுக்கு அது தெரியவில்லை. எங்கள் கப்பல் அந்தப் புள்ளிகளுக்குள்தான் நின்றிருந்தது.