குலுக்கிய பீப்பாய்

நிலவறையின் சிமென்ட் தரையில் ஆர்டிஸ் பீப்பாயைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரத்துக்குச் சின்ன எஃகு பீர்ப் பீப்பாய். அடியில் பழைய போர்வையை விரித்திருந்தும் ஒவ்வொரு புரளலுக்கும் கறகறவென்று தரை உரசியது. வாயு சிலிண்டரிலிருந்து வந்த குழாய் அதன் தலையில் மாட்டியிருந்தது. அழுத்தமானியின் முள் முப்பதில் நின்றது.

மேலே கட்டில் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. கத்திக் கூப்பிட அவள் கணவன் டுவேனின் தொண்டையில் குரல் மிச்சமில்லை. கட்டி தின்றுவிட்டது.

ஆர்டிஸ் மூச்சிரைக்கப் படியேறினாள். ஹாலில், சோபா கிடந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

"கீழ என்ன பண்ற?"

"வாஷிங் மெஷின் ஓடுது."

"நம்ம வாஷிங் மெஷின் எப்ப இருந்து உருள ஆரம்பிச்சுது?"

அவள் அவன் தலையணையைச் சரிசெய்தாள்.

"பீப்பாயைக் குலுக்குறியா?"

"ஆமா. குலுக்குறேன். என்ன இப்போ?"

"காலேஜ் பசங்க பண்ற வேலை அது." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவன் மூச்சு வாங்கினான். "வெள்ளிக்கிழமை குலுக்கி, சனிக்கிழமை வாந்தி எடுப்பானுங்க."

"அழுத்தத்தை ஏத்தி நல்லா உருட்டினா நாளைக்கே குடிக்கலாமாம். கர்ட் சொன்னான்."

"அவனுக்கு எதுல பொறுமை இருந்துச்சு? ரெண்டு கல்யாணத்தையும் குலுக்கித்தானே கெடுத்தான்."

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டாள்.

நிற்க முடிந்த கடைசி நாட்களில் டுவேன் காய்ச்சிய கறுப்பு பீர் அது. நொதித்து முடிந்து குளிரில் கிடந்ததை இந்த வாரம்தான் மகன் கர்ட் பீப்பாயில் இறக்கிவைத்தான். இனி அதை நுரைக்க வைக்கும் வாயு ஏற வேண்டியதுதான் பாக்கி. அதுவரை அது கசந்த பார்லித் தண்ணீர், அவ்வளவுதான்.

"அழுத்தத்தைப் பன்னிரண்டுல வெச்சு ஃபிரிட்ஜைச் சாத்து. ஒரு வாரத்துல வாயுவைத் தானாவே குடிச்சுக்கும். பட்டு மாதிரி வரும்."

"ஒரு வாரமா?"

"ஏன், உனக்கு என்ன அவசரம்?"

காலையில் அவன் தூங்கும்போது நர்ஸ் பெலிண்டா போர்வையை விலக்கி அவன் முழங்கால்களைக் காட்டியிருந்தாள். தோலுக்கு அடியில் ஊதா நிறத்தில் வலை விரித்ததுபோல் இருந்தது. "நாளைக்கு. இல்லைன்னா நாளன்னைக்கு. அவருக்கு எது பிடிக்குமோ அதுல பஞ்சை நனைச்சு உதட்டுல வைங்க. பீரா இருந்தாலும் சரி," என்றாள். அப்போதுதான் ஆர்டிஸுக்கு நிலவறை ஞாபகம் வந்தது. அவனுக்குள் போகும் கடைசி ருசி மருந்தாக இருக்கக் கூடாது. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதைக் குலுக்குவது, உனக்கு ஒரு வாரம் கிடையாது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல இருந்தது.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

"அப்ப ஏத்துன அழுத்தத்தை வெளிய விடு. எனக்குக் கேக்கணும்."

அவள் கீழே போய் வால்வை இழுத்தாள். நிலவறை முழுக்கச் சீறியது. முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். பீப்பாயைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கதவிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சா?" என்று மேலே வந்து கேட்டபோது டுவேன் கண்ணை மூடியபடி தலையசைத்தான்.

மறுநாள் அவன் கண் திறக்கவில்லை. மான் வேட்டைக்குப் போயிருந்த கர்ட், ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வந்து சேர்ந்தான். டுவேனின் ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழத் தொடங்கியிருந்தது.

ஆர்டிஸ் சட்டென்று எழுந்தாள்.

"அம்மா, இப்ப எங்க போற?"

"அப்பா கையை விடாத."

கீழே பீர்க் குழாயைத் திறந்தாள். நுரை. கண்ணாடித் தம்ளர் விளிம்பு வரை வெள்ளை நுரை மட்டும். வாளியில் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் நுரை. நேற்று உருட்டிய கோபம் பீப்பாய்க்கு இன்னும் அடங்கவில்லை. தம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். அடியில் ஒரு நூல் அளவு கறுப்பு தெரிந்தது.

"இறங்கு," என்றாள் நுரையிடம். "கடவுளே, இறங்கேன்."

"அம்மா!"

"வரேன்!"

"அம்மா, மேல வா! இப்பவே வா!"

நுரையோடு ஓடினாள். படியில் முழங்கால் இடித்தது தெரியவில்லை. குச்சி முனைப் பஞ்சைத் தம்ளரில் அமிழ்த்தி அவன் உதடுகளுக்கு நடுவே வைத்தாள். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டியது.

"எப்படி இருக்குப்பா?" என்றான் கர்ட். குரல் உடைந்துவிட்டது.

ஒரு மூச்சு வந்தது. இருவரும் அடுத்ததற்காகக் குனிந்து காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்பாவின் நாக்கு நுனி வெளியே வந்து அந்த நுரையைத் தொட்டதாகக் கர்ட் பிறகு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஆர்டிஸ் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

பெலிண்டா பூட்ஸில் பனியோடு வந்தாள். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், மிஞ்சிய மார்ஃபினை ஒரு பையில் கிடந்த காபிச் சக்கையோடு பிசைந்து கட்டினாள். இனி யார் கையிலும் அது சிக்கக் கூடாது என்பது நர்ஸ்களின் விதி. கர்ட் பக்கத்தில் சாட்சியாக நின்றான். யாருக்காவது போன் பண்ண வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு ஆர்டிஸ் இல்லை என்று தலையசைத்தாள்.

பெலிண்டா கட்டிலருகே வந்து, பஞ்சுக் குச்சிகள், கையுறைகள், மருந்துச் சீசா என்று மேஜையை ஒழிக்கத் தொடங்கினாள். கடைசியில் அவள் கை தம்ளரிடம் வந்தது.

"இதையும் கொட்டிடட்டுமா?"

ஆர்டிஸ் தம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

பெலிண்டா கையை எடுத்துக்கொண்டாள். நுரையெல்லாம் அடங்கி, இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த கறுப்பு நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு குமிழ் புறப்பட்டு, அவசரமே இல்லாமல் மேலே வந்தது.