முன்பக்கப் பட்டன்

கம்ப்யூட்டர் செத்துப்போனதும் முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. தகரத்தில் டப்பா மூடி அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டுவது அந்தக் கிழட்டுப் பெட்டிதான். நான் தகட்டை வைத்துக் கையை எடுக்கக் கொஞ்சம் பொறுத்துத்தான் பிரஸ் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் என் பத்து விரலும் இருந்தன.

என் மனைவியின் தம்பி இதே ஊரில் பழைய போர்டுகளை ரிப்பேர் செய்கிறான். அவனைக் கூப்பிட்டேன். உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்தான். பிராசஸரும் கருகியிருந்தது.

“இதே ரகம் எங்கயும் கிடைக்காது மச்சான். இதைவிட வேகமான ஒண்ணு எங்கிட்ட கிடக்கு, உட்காருது.”

உட்கார்ந்தது. திரை எரிந்தது. முதலாளி அவன் முதுகில் தட்டினார்.

முதல் தகட்டை வைத்தேன். கையை எடுக்கும்போதே பிரஸ் இறங்கிவிட்டது. நகத்தை உரசிக்கொண்டு போனது காற்றா இரும்பா என்று தெரியவில்லை.

“மாப்ள, உன் பெட்டி என்னைத் தின்னப் பாக்குதுடா!”

அவன் ஓடிவந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

“பழைய புரோகிராம் மச்சான். மணி பாக்கத் தெரியாது. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி முடிச்சா இறக்கிடும். இப்ப எண்ணுறவன் வாய் வேகமாயிடுச்சு.”

போர்டில் ஊசிகளைச் சேர்க்கும் குட்டி ஜம்பர்களை மாற்றி வேகத்தைக் குறைத்தான். போதவில்லை. கடைசியில் போர்டின் ஓரத்தில் சும்மா நின்ற இரண்டு ஊசிகளைக் கண்டுபிடித்தான். அவை சேர்ந்தால் பிராசஸர் மெதுவாகுமாம். பெட்டியின் முன்பக்கம் இணைப்பில்லாமல் கிடந்த, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பட்டனிலிருந்து ஒயர் இழுத்து, ஊசிகளில் அழகாகச் செருகினான். பட்டனை அமுக்கினான். பிரஸ் பழையபடி பொறுத்து இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

முதலாளி குனிந்து பட்டனைப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார். தகடில்லாத வெறும் பிரஸ் படபடவென்று அடித்தது.

“அட, வேகத்துக்குப் பட்டனே வச்சுட்டியா! கெட்டிக்காரன்ப்பா நீ.”

“ஐயா, அது வேகத்துக்கு இல்லீங்க. கை போயிடும்.”

“ஆர்டர் நெருக்குறப்ப மட்டும்தானே?”

“வேணாங்க. உள்ளேயே சேத்து விட்டுடறேன், பட்டன் வேணாம்.”

“பெட்டியைத் தொடாதே. உன் மச்சானுக்கு அந்த வேகத்துக்குக் கை வரலேன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கலாம்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தகடுகளைப் பார்த்தேன்.

வாசல்வரை கூடப் போனேன். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

“உள்ளேயே ஒரு ஜம்பரைச் செருகியிருக்கணும் மச்சான். அழகா இருக்கட்டும்னு பட்டனுக்கு இழுத்துட்டேன்.”

“விடுடா. உங்கக்காகிட்ட மூச்சு விடாதே.”

அன்று மாலை அவள் போனில் கேட்டாள், “என் தம்பி ஒழுங்கா செஞ்சானா?”

“அவன் தொட்டா ஓடாமலா இருக்கும்?” என்றேன். அவள் சிரித்தாள்.

இப்போது பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று இங்கிருந்து தெரியாது. காதை அங்கே வைத்துக்கொண்டுதான் கையை உள்ளே நீட்டுகிறேன்.

இன்று காலை முதலாளியின் செருப்புச் சத்தம் பின்னால் வந்து நின்றது. பட்டன் டக்கென்றது. கையை வெடுக்கென்று இழுத்தேன். பிரஸ் இறங்கியது. மூடி கோணலாக விழுந்தது.

“பாத்து வைய்யா, தகடு வீணாகுது” என்றார்.

அடுத்த தகட்டை எடுத்தேன்.