இருபத்திரண்டு அங்குலம்

அந்தப் பாலே நடனக் கம்பெனியில் திங்கள்கிழமை என்றால் பெண்கள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் இடுப்பளவு. டெய்லரம்மா நாடாவைச் சுற்றிச் சத்தமாகச் சொல்ல, டான்ஸ் மாஸ்டர் தள்ளி நின்று நோட்டில் எழுதுவார். பெண்கள் இடுப்பை ஆண்பிள்ளை குனிந்து பார்ப்பது மரியாதையில்லையாம்! பட்டினி போடுவது மட்டும் ரொம்ப மரியாதை போலிருக்கிறது.

டெய்லரம்மாவின் மகளும் அந்த வரிசையில் நிற்பவள்தான். பத்தொன்பது வயது. கதாநாயகி வேடத்துக்கு ஆள் எடுத்த திங்களன்று நாடா இருபத்து நாலு காட்டியது. இருபத்திரண்டைத் தாண்டினால் வேடம் கிடையாது. "இருபத்திரண்டு" என்று கூசாமல் சொல்லிவிட்டாள் தாய். வேறென்ன செய்வாள்? கால் நகம் பெயரப் பெயரப் பன்னிரண்டு வருஷம் ஆடிய பெண். இரண்டு அங்குலத்துக்காக அதையெல்லாம் பறிகொடுக்க யாருக்கு மனசு வரும்?

வேடம் கிடைத்தது. உடுப்பைத் தைக்கப்போவது தான்தானே என்று தாய் நிம்மதியாக இருந்தாள். மாஸ்டரோ நோட்டில் இருந்த அளவை வெளியே பெரிய கடைக்கு அனுப்பிவிட்டார். இன்று, சனிக்கிழமை, உடுப்பு வந்து இறங்கிவிட்டது.

"மூச்ச இழு, கண்ணு."

"இழுத்தாச்சும்மா. இதுக்கு மேல எங்க இழுக்கறது?"

முதுகில் இரண்டு விரல் இடைவெளி அப்படியே நின்றது. பிரித்துவிடலாமா என்று உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள். தையலைத் தாண்டி ஒரு நூல் துணிகூட விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

மாஸ்டர் கதவைத் தட்டி வெளியிலிருந்தே கேட்டார்.

"என்ன டெய்லரம்மா, பொருந்திடுச்சா?"

"கொக்கிய மட்டும் கொஞ்சம் மாத்தணும் சார்."

"அதெல்லாம் எதுக்கு? நீங்க சொன்ன அளவுதானே? வெள்ளிக்கிழமை இதப் போட்டு ஆடணும். முடியலைன்னா அடுத்த பொண்ணுக்குக் கொடுத்துடுவேன்."

அவர் போனதும் டெய்லரம்மாவுக்குத் தாங்கவில்லை.

"நான்தான்டி பொய் சொன்னேன். உனக்கு இருபத்து நாலு. உன் உடம்புல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்மா. நாடா என் இடுப்புலதானே இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?"

"எப்படியும் அந்த அளவுக்கு வந்துடலாம்னு நெனச்சேன். அன்னையிலேருந்து நீ கொடுக்கற மத்தியானச் சாப்பாட்டத் தொடறதே இல்ல."

"டப்பா காலியாத்தானே வந்துச்சு?"

"கொட்டிட்டுக் கழுவிக் கொண்டாந்தேன்."

"இப்பவே போய் அந்த ஆள்கிட்ட சொல்றேன் பாரு" என்று தாய் கதவுக்குப் பாய்ந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் உதற முடியவில்லை.

"சொன்னா உனக்கு வேலை இல்ல, எனக்கு மேடை இல்ல. திங்கக்கிழமையும் இருபத்திரண்டுன்னே சொல்லும்மா. வெள்ளிக்குள்ள நான் வந்துடறேன்."

மகள் திரும்பி நின்று சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"கொக்கியப் போடு."

டெய்லரம்மா அழுதுகொண்டே மகளின் முதுகில் முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள்.