லேடீஸ் ஓட்டிய கார்

என் நாத்தனாரின் கணவருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு டாக்டர், வக்கீல், எலக்ட்ரீஷியன், மெக்கானிக் எல்லாம் அவர்தான். கேட்டால் மட்டும் சொல்வது என்ற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. மனதுக்குள் நான் அவருக்கு நிபுணர் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிபுணர் என் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் கணவர் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார், பட்டப்பகலில். கார் நின்ற இடத்திலேயே அலறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் உறுமும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைப் பந்தயத்துக்கு வந்தவளைப் போலப் பார்ப்பார்கள்.

நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடில் ஸ்க்ரூவை நிபுணர் திருகினார். சத்தம் குறையவில்லை. இன்னும் திருகினார். திருக இடமில்லாமல் போனதும் தீர்ப்புச் சொன்னார்.

"இன்ஜினே போயிடுச்சு மச்சான். லேடீஸ் ஓட்டினா இப்படித்தான். ஆக்ஸிலேட்டர்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுவாங்க."

என் இரண்டு கால்களும் அப்போது அவர் கண்ணெதிரே தரையில்தான் இருந்தன. வண்டி பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதெல்லாம் நிபுணருக்கு ஒரு பொருட்டா?

பழைய வண்டி வாங்குகிற ஆளை மதியம் வரச் சொல்லியிருந்தார்கள். என் சம்பளத்தில் வாங்கிய வண்டி, பதிவு மட்டும் கணவர் பெயரில். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடியுமுன் நான் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும். இதைச் சொன்னபோது என் கணவர், "வேற வேலை பாத்துக்கலாம் விடு" என்றார். ஏதோ செருப்பு மாற்றுகிற மாதிரி.

எனக்கு வந்த ஆத்திரத்தில், வழக்கமாக வண்டி பார்க்கிற நிஜ மெக்கானிக்குக்கு போன் போட்டேன். அவர் யாருடைய கல்யாணத்திலோ இருந்தார். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"ஆக்ஸிலேட்டர் கேபிள் தொளதொளன்னு இருக்கான்னு பாருங்கம்மா. வெறைப்பா இருந்தா அதான் இழுக்குது. இல்லேன்னா எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போகுது. தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, எங்க அடிக்கும்போது சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. சுத்துற ஃபேன்ல கைய விட்டுறாதீங்க."

"போன்ல வைத்தியமா?" என்று நிபுணர் சிரித்தார். அவர் வாயால் செய்கிற வைத்தியத்துக்கு இது எவ்வளவோ மேல்.

கேபிளை அசைத்துப் பார்த்தேன், தளர்வாகவே இருந்தது. துணி இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வந்து, இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாக அடித்தேன். சத்தம் மாறவில்லை. நிபுணர் என் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பேட்டரிக்குப் பின்னால் ஒரு மூலையில் அடித்தேன். இன்ஜின் சட்டென்று தணிந்து, மறுபடி உறுமியது. மறுபடி அடித்தேன், மறுபடி தணிந்தது.

குனிந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவில் பளபளவென்று ஒரு நீலப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, இன்ஜினில் உபரியாக இருந்த ஒரு குழாயின் மூடியைக் கழற்றிச் செருகிய பிளாஸ்டிக் இணைப்பில் சேர்ந்திருந்தது. இணைப்பில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"இது என்னது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் நிபுணர். "அது மைலேஜ் கூட்டுறதுக்கு. ஆன்லைன்ல வாங்கினது."

"யாரு மாட்டினது?"

நிபுணர் மரத்திலிருந்த காக்கையை ஆராயத் தொடங்கினார். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்துக் குழாயைக் கட்டைவிரலால் அடைத்தேன். அலறல் அடங்கி, இன்ஜின் அணைந்தே போகப் பார்த்தது. நிபுணர் திருகித் தள்ளிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டி வாங்கிய நாளில் ஓடியது போல அமைதியாக ஓடியது. குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி இறுக்கிக் கட்டினேன்.

நிபுணருக்கு வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. போகிற போக்கில், "நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கணவர் பக்கம் திரும்பினேன். டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அத்தான் ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டினாரு. சொன்னா நீ கிண்டல் பண்ணுவே."

"சத்தம் எப்பலேர்ந்து?"

"மாட்டின மறுநாள்லேர்ந்து." குரல் இறங்கியது. "அக்கா வீட்டுக்காரர்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? சங்கடப்படுவாரே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிபுணரின் அசட்டுத்தனம் ஊரறிந்தது, அதை நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இவர் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் ஓட்டிக் கெடுத்தேன் என்று நிபுணர் சொன்னபோது டார்ச் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். அத்தான் முகம் வாடக் கூடாது, அதற்கு என் வண்டி போகலாம், வேலை போகலாம். அது நெஞ்சில் தைத்தது, இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மதியம் வாங்குகிற ஆள் வந்தார். "வண்டி கொடுக்கறதா இல்லைங்க. வேலைக்காகாத ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டேன். அவர் என் கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

மறுநாள் விடியுமுன் நான் சாவியை எடுத்தபோது என் கணவர் குளித்துத் தலைவாரித் தயாராக நின்றார். குழைந்த குரலில் கேட்டார்.

"என்னையும் ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுடறியா?"

"லேடீஸ் ஓட்டினா இன்ஜின் போயிடும்ங்க," என்றேன். "நீங்க நடந்தே போங்க."